நான் ஓடிப்போன விவரம்

ஜவ்வாது மலை,
ஞாயிறு மாலை.

அன்பு ரேணுகாவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீயும், அருணாவும், மாப்பிள்ளையும், பெரிய பேரனும், புதிதாக வந்து எல்லாரையும் ஆட்டிவைக்கும் சின்னவளும் நாக்பூர் குளிருக்குப் பழகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அருணாவுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுப்பதை நிறுத்திவிடாதே. அவள் முகம் சுளித்தால் அப்பா சொன்னார் என்று சொல். நான் சொல்லி அவள் எதையும் கேட்டதில்லை, இருந்தாலும் சொல்லிவை.

தினமும் போனில் பேசுகிறவர் எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று உறையைப் பார்த்ததுமே அருணாவைக் கூப்பிட்டிருப்பாய். பயப்பட ஒன்றுமில்லை. இந்த விஷயத்தைப் போனில் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். ஆனால் எனக்கு உன்னைத் தெரியும். முதல் வாக்கியத்துக்கே "இன்னா?" என்று கத்துவாய். நம் மலை சிக்னலையும் எனக்குத் தெரியும். சரியாக அந்த இடத்தில் அறுந்துபோகும். முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டால் நான் தொலைந்தேன். காகிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு இப்படி ஒரு வசதி கிடைத்ததில்லை.

அந்த முதல் வாக்கியம் இதுதான். நான் ஒரு மாணவியைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய்விட்டதாக நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு பேச்சு கிளம்பி, இப்போது அடங்கிவிட்டது.

'அடங்கிவிட்டது' என்பதை இன்னொரு தரம் படித்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மேலே படி. படவேட்டிலிருந்து உன் அண்ணன் "தங்கச்சி, ஒண்ணு கேள்விப்பட்டேன்" என்று ஆரம்பிப்பதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். உன் அண்ணனுக்கு நல்ல செய்தி நடந்து வரும், கெட்ட செய்தி பறந்து வரும்.

செவ்வந்தியை உனக்கு நினைவிருக்கும். நெல்லிவாசல்நாட்டுப் பெண், கணிதம் இரண்டாம் ஆண்டு. போன பொங்கலுக்கு நம் வீட்டுக்கு வந்தபோது நீ கொடுத்த அதிரசத்தைத் தின்னாமல் அம்மாவுக்கு என்று துப்பட்டாவில் முடிந்துகொண்டு போனாளே, அவள்தான். நெடுந்தூர ஓட்டத்தில் அவளைப்போல ஒரு பிள்ளை என் விளையாட்டு ஆசிரியர் சர்வீஸில் எனக்குக் கிடைத்ததில்லை. ஓடும்போது இடது கை மட்டும் காதுக்குப் பக்கத்தில் உயர்ந்தே இருக்கும். சின்ன வயசிலிருந்து புல்லுக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கிய பழக்கம். கையைக் கீழே போடு, கீழே போடு என்று நானும் தொண்டை வற்றக் கத்திப் பார்த்தேன். கீழே போட்டால் வேகம் குறைகிறது. சரி, கட்டைச் சுமந்துகொண்டே ஓடு தாயே என்று விட்டுவிட்டேன்.

வேதியியல் கோகிலவாணியையும் நீ பார்த்திருக்கிறாய். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் இருக்கும்போதும் குடை பிடித்துக்கொண்டு வருவார். பெயரில் குயில் இருக்கிறதே தவிர, அவர் வாய் திறந்தால் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் கிடுகிடுக்கும். இந்த வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. விளையாட்டுப் பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்க எல்லாக் கல்லூரியிலும் ஆசிரியர் குழு ஒன்று வைக்க வேண்டுமாம். குழு சரியென்றால்தான் ஓ.டி. கொடுக்கலாமாம். அரியர் வைத்திருக்கும் பிள்ளைகளைக் குழு ஒப்பாமல் வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பக் கூடாதாம். நம் முதல்வர் யோசிக்கவே இல்லை. கோகிலவாணியைத் தலைவியாகப் போட்டுவிட்டார்.

ஓ.டி. என்றால் உனக்குத் தெரியும். ஆன் டூட்டி. பிள்ளைகள் மைதானத்துக்கோ போட்டிக்கோ போகிற நாளில் வகுப்பில் இருந்ததாகவே வருகை போட்டுவிடுவார்கள். இத்தனை காலமும் நான் ஒரு தாளில் மொத்த அணியின் பெயரையும் எழுதி, மாதம் முழுக்க ஓ.டி. என்று போட்டு நீட்டுவேன். முதல்வர் டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். எல்லாருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியில்தான் இந்த அம்மாள் குடையை நுழைத்தார்.

எந்த நாள், எந்த இடம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, கூட யார் என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி. நான் கொதித்துப்போனேன். பிள்ளைகளை நம்பாமல் விளையாட்டை வளர்க்க முடியுமா என்று ஆசிரியர் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசினேன். நான் தட்டிய நேரம், அந்த வாரமே கோகிலவாணி வேதியியல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பீமன் அருவியில் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார். அங்கே நம் கபடி அணி முழுசாக அருவியில் குளித்துக்கொண்டிருந்தது. காகிதத்தில் அவர்கள் மைதானத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் அவரைப் பார்த்ததும் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டானாம். எவ்வளவு நேரம் மூழ்கியிருப்பான்? இவர் கரையில் குடையோடு காத்திருந்து, மேலே வந்ததும் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் நான் மேசையைத் தட்டவில்லை.

கபடி முடிந்து ஓட்டத்துக்கு வந்தார். செவ்வந்தியின் வருகை காகிதத்தில் ஏறக்குறைய முழுசாக இருந்தது. ஆனால் அவள் வகுப்பில் உட்கார்ந்து மாதக்கணக்காகிறது. துணைப்பாடமான வேதியியலில் அரியர். ஏன் வகுப்புக்கு வருவதில்லை என்று கேட்டதற்கு, "சார் ஓடுனா போதும்னாரு மேடம்" என்று சொல்லியிருக்கிறாள். பல்கலைக்கழகப் போட்டிக்கு இவளை அனுப்ப நான் ஒப்ப மாட்டேன் என்று கோகிலவாணி சொல்லிவிட்டார்.

நான் அவர் அறைக்கே போய்ச் சண்டை போட்டேன். நீங்கள் ஃபார்முலா போடுங்கள், நான் ஓட வைக்கிறேன், அவரவர் வேலையை அவரவர் பார்ப்போம் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "சார், மூணு வருசம் ஓடி முடிச்சிட்டு அந்தப் பொண்ணு டிகிரி இல்லாம வூட்டுக்குத் திரும்பிப் போனா, அவங்கப்பா உங்ககிட்ட வந்து கேட்டா, நீங்க எந்தக் கப்பைத் தூக்கிக் காட்டுவீங்க?" என்றார்.   வீட்டுக்கு வந்து இரவு முழுக்க நல்ல நல்ல பதிலாக யோசித்தேன். ஒன்றும் உருப்படியாக இல்லை.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. காலையில் ஓட்டம், பகலில் வகுப்பு, மாலையில் கோகிலவாணியிடம் தனி வேதியியல். அவர் வைக்கிற தேர்வில் தேறினால் ஓ.டி. உண்டு. முதல் வாரம் செவ்வந்தி புத்தகத்தின் மேலேயே தூங்கினாள். பிறகு என்ன மாயமோ, மைதானத்தைச் சுற்றும்போதே எதையோ முணுமுணுக்க ஆரம்பித்தாள். சாமி பாட்டா என்று கேட்டேன். தனிம வரிசை சார் என்றாள். ஒரு சுற்றுக்கு எத்தனை தனிமம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. தேர்வில் தேறிவிட்டாள். ரொம்ப மேலே இல்லை, ஆனால் தேறிவிட்டாள்.

அதற்கும் மேல் ஒரு நிபந்தனை வந்தது. பெண் பிள்ளையை வெளியூர் அழைத்துப் போனால் கூட ஒரு ஆசிரியை போக வேண்டும். யார் வருவார்கள் இவ்வளவு தூரம் என்று நான் இளக்காரமாகக் கேட்டேன். "நான் வர்றேன்" என்று திருத்த வேண்டிய விடைத்தாள் மூட்டையும் குடையுமாகக் கிளம்பி வந்துவிட்டார். ரேணுகா, அன்றைக்கு நான் மனசுக்குள் திட்டிய திட்டுக்கு அவர் காலில் விழலாம். அவர் மட்டும் அந்தப் பயணத்துக்கு வராமல் இருந்திருந்தால் இன்றைக்கு நீ இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டாய். வக்கீலிடம் பேசிக்கொண்டிருப்பாய்.

மூன்று பேரும் வேலூர் போனோம். செவ்வந்தி பத்தாயிரம் மீட்டரில் மூன்றாவதாக வந்தாள். முதல் இரண்டு பேரும் ஸ்பைக் ஷூ போட்டுக்கொண்டு ஓடிய நகரத்துப் பிள்ளைகள். இவள் கடைசிச் சுற்றில் கையைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்துக் கூட்டம் இவள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கைதட்டியது. தென்மண்டலப் போட்டிக்கான பல்கலைக்கழக அணியில் பெயர் வந்துவிட்டது. நான் அழுதேன். கோகிலவாணி குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்து, யாரும் பார்க்காமல் மறைத்தார்.

நாங்கள் அங்கே அழுதுகொண்டிருந்த நேரத்தில் இங்கே கூத்து நடந்திருக்கிறது.

செவ்வந்தியின் அம்மா குப்பம்மா, சாமை அறுப்புக்கு மகளை வரச்சொல்ல போன் போட்டிருக்கிறாள். அவர்கள் ஊரில் ஒரு பாறைமேல் ஏறினால்தான் சிக்னல். ஏறினால் தனியாக ஏற மாட்டார்கள், நாலு பெண்கள் சேர்ந்து ஏறி, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். மகள் ஓடிக்கொண்டிருந்ததால் போனை எடுக்கவில்லை. உடனே கல்லூரி அலுவலகத்துக்குப் போட்டாள். எடுத்தது யார் தெரியுமா, நம் கிளார்க் சின்னராசு. நல்ல மனுஷன், கேட்டதற்கு மேல் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னால்தான் அவனுக்குத் திருப்தி. அவன் வாயால் நான் கேட்டு வாங்கிய உரையாடலை அப்படியே எழுதுகிறேன்.

செவ்வந்தி எங்கே கீறா என்று குப்பம்மா கேட்டாள். "அது ஓ.டி. போயிருக்கும்மா" என்றான். அந்த இரைச்சல் லைனில் பாறைமேல் அது எப்படி விழுந்திருக்கும் என்று நீயே ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்.  யாரோட என்று கேட்டாள். "ஜீவானந்தம் சாரோடதான், வேற யாரோட?" என்றான். இது எப்பலேர்ந்து என்றாள். "வந்த நாளா போய்க்கினுதாம்மா கீது, இன்னைக்கு நேத்தா?" என்றான். பிரின்சிபாலுக்குத் தெரியுமா என்றாள். "அவருதாம்மா கையெழுத்து போட்டு அனுப்பிவெச்சாரு" என்றான். அத்தோடு விட்டானா? அவள் அழுவதைக் கேட்டு, பிள்ளை தோற்றுவிடுமோ என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என நினைத்து, ஆறுதலாக ஒன்று சொல்லியிருக்கிறான்: "கவலப்படாதம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சா கழுத்துல போட்டுக்கினு வரும்."

இந்த இடத்தில் நான் எழுந்துபோய்ப் பால் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். கொஞ்சம் பொங்கிவிட்டது. துடைத்துவிட்டேன்.

சனிக்கிழமை இருட்டும் நேரம் எங்கள் பஸ் கல்லூரி வாசலில் நின்றது. ஒரு ஜீப், அதைச் சுற்றிக் கூட்டம். நான் வெற்றிக்கு வரவேற்பு என்று நினைத்துக்கொண்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு, முதல் ஆளாகச் சிரித்தபடி இறங்கினேன். எனக்குப் பின்னால் செவ்வந்தி. அவள் மெடலைச் சட்டைக்குள் விட்டிருந்தாள். வெளியே தெரிந்தது நாடா மட்டும். அந்த நாடா என்ன நிறம் என்று நினைக்கிறாய்? மஞ்சள்.

குப்பம்மா போட்ட கூச்சலில் மரத்தில் அடைந்திருந்த காக்காயெல்லாம் கிளம்பிவிட்டன. என் காலரை யார் பிடித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. உன் தம்பி வாங்கிக் கொடுத்த நீலச்சட்டை, மேல் பொத்தான் இரண்டும் போய்விட்டன. குப்பம்மா மகள் கழுத்திலிருந்த நாடாவைப் பிடித்து இழுத்தாள். உள்ளேயிருந்து வெண்கல மெடல் வந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, பொம்ம ஓடுது?" என்றாள்.

அப்போதுதான் கோகிலவாணி இறங்கினார். விடைத்தாள் மூட்டையைக் கீழே வைத்து, நிதானமாகக் குடையை மடக்கி, என்ன விஷயம் என்று கேட்டார். நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். புரிந்துகொண்டதும் அந்த ஆய்வுக்கூடக் குரலை எடுத்தார். "அப்படின்னா நானுந்தாம்மா ஓடிப்போனேன். மூணு பேரும் ஒரே பஸ்ல ஓடிப்போயி, ஒரே பஸ்ல திரும்பி வந்துட்டோம்" என்றார். முதலில் ஜீப் டிரைவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சின்னராசு மட்டும் அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

வெளியே நின்றவர்களில் சிரிக்காத ஒரே ஆள் செவ்வந்தியின் அப்பா தசரதன். வாட்டசாட்டமான மனிதர், அதிகம் பேச மாட்டார். என்னிடம் வந்து, "எனக்குப் புரிஞ்சிடுச்சு சார். உங்க மேல தப்பு இல்ல. ஆனா பாறை மேல நின்னு கேட்டவங்க ஊருக்கெல்லாம் சொல்லிட்டாங்க. அந்த வாய நான் எப்படி மூடறது? பொண்ணு வூட்டுக்கு வரட்டும். தை பொறந்தா எங்கக்கா பையனுக்கு முடிச்சிடறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம். அவர் வருத்தமாகச் சொன்னார். விடுதியிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

செவ்வந்தி அழவில்லை. ஜீப்பில் ஏறுவதற்கு முன் கோகிலவாணியிடம் ஓடிவந்து, "மேடம், அரியர் எக்ஸாம் எப்போ?" என்று கேட்டாள். தென்மண்டலப் போட்டி எப்போது என்று என்னைக் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது, இந்தப் பெண் படிக்க ஆசைப்படுகிறவள் என்று. இரண்டு வருஷமாக அவள் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று இரவு உனக்குப் போன் செய்தேன். சாப்பிட்டீங்களா என்றாய், சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர்கள் ஊரில் கூட்டம் என்று தெரிந்தது. ஊர்ப் பேச்சுக்கு ஆளானவனே அங்கே போய் நின்றால் உதைதான் கிடைக்கும், ஆறட்டும் என்று நான் பின்வாங்கினேன். "ஆறிடுச்சுன்னா அந்தப் பொண்ணு கழுத்துல நிஜமாவே மஞ்சக்கயிறு ஏறிடும் சார், கிளம்புங்க" என்றார் கோகிலவாணி. நாங்கள் இரண்டு பேரும் முறைப்படி எழுதிக் கொடுத்து, ஓ.டி. போட்டுக்கொண்டு போனோம். ஜீப் போகிறவரை போய், பிறகு நடை. பாதையெல்லாம் சாமைத் தட்டை காய்ந்துகொண்டிருந்தது. எதிரில் வந்த பெண்கள் என்னைப் பார்த்துத் தலைமுக்காட்டை இழுத்துக்கொண்டு சிரித்தார்கள். இந்த வயசில், இந்தத் தொப்பையோடு, எனக்கு இப்படி ஒரு பெருமை.

மாரியம்மன் கோயில் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. நான் வழியெல்லாம் பேச்சுத் தயார் செய்திருந்தேன். மெடல் வாங்கினால் போலீஸில் வேலை, ரயில்வேயில் வேலை, ஊருக்குப் பெருமை என்று அடுக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "அதெல்லாம் சரி சார். எங்க பொண்ணு அங்க எங்க போவுது, எப்ப வருது, யாருக்குத் தெரியும்?" என்றார்.

 போன வருஷமாக இருந்தால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலே இருந்திருக்காது, ரேணுகா. மாதம் முழுக்க ஓ.டி. என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தவனுக்கு என்ன தெரியும்?

"எனக்குத் தெரியும்" என்று கோகிலவாணி எழுந்தார். காலையில் எந்தப் பாதையில் ஓடுகிறாள், கூட எந்தப் பிள்ளைகள், எந்த வகுப்பில் எந்தப் பெஞ்சில் உட்காருகிறாள், காய்ச்சல் வந்தபோது யார் கஞ்சி வைத்துக் கொடுத்தது, எல்லாம் கையில் ஒரு காகிதமும் இல்லாமல் சொன்னார். படித்த அம்மாள், நன்றாகப் பேசத் தெரிந்தவர், எதையும் சொல்லலாம் என்று அவர்களுக்குச் சந்தேகம். ஓர் அத்தை முறைக்காரி சோதித்துப் பார்த்தாள். தீபாவளி முடிஞ்ச மறுவாரம் செவ்வாக்கிழம நான் போன் பண்ணேன், கிளாஸ்ல கீறேன்னு சொன்னா, கிளாஸ்லதான் இருந்தாளா என்று கேட்டாள்.

நான் மாரியம்மனைப் பார்த்தேன். ஆமாம் என்று இவரைச் சொல்ல வைத்துவிடு தாயே, முடிந்துவிடும் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இல்லம்மா. அன்னைக்கு கிளாசுக்கு வரல. ஹாஸ்டல்ல போத்திக்கினு தூங்கினா. நான் போய் எழுப்பி, திட்டி, மத்தியான கிளாசுக்கு இட்டுனு வந்தேன்" என்றார் கோகிலவாணி.

செவ்வந்தி முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள். கூட்டத்தில் முதலில் ஒரு சலசலப்பு, பிறகு சிரிப்பு. அத்தைக்காரி, "அதானே பாத்தேன், போன்ல குரலே தூங்கிக்கினு இருந்துச்சு" என்றாள். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பிள்ளை தூங்கினாள் என்று சொல்கிற டீச்சர், பிள்ளை எங்கேயாவது போனால் மறைக்கவா போகிறார்? என் வேலைவாய்ப்புப் பேச்சு செய்யாததை அந்தத் தூக்கம் செய்தது. ஊர் ஒன்றும் சொல்வதற்கில்லை, பெற்றவன் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

 தசரதன் மகளைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும், நீ இன்னா சொல்ற என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள். நாம் வாசல் தாண்டும்போது போய்ட்டு வர்றேன் என்று சொல்வோமே, அதேபோலச் சொன்னாள்.

"ஓடிட்டு வர்றேம்பா."

 அந்த நாலு நாளும் அந்த வீட்டைச் சுட்ட வார்த்தை அது. அதையே எடுத்து அப்பா கையில் கொடுக்கிறாள். குப்பம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "ஓடிப் போனாத்தான்யா ஊர் பேசும். ஓடிட்டு வந்தா எவ பேசுவா?" என்று கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பாறைமேல் ஏறிய பெண்கள் யாரும் நிமிரவில்லை. தசரதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப ஓடிட்டு வா" என்றார். வியாழக்கிழமை காலை அவரே பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு விடுதிக்கு வந்தார். அக்கா பையனுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டாராம்.

குப்பம்மா சும்மா விடவில்லை. அந்த 'ஓடி' என்கிற பேரே கல்லூரியில் இருக்கக் கூடாது, வேறு பேர் வையுங்கள் என்றாள். இப்போது சின்னராசு போன் எடுத்தால் "பந்தயத்துக்குப் போயிருக்கும்மா" என்று மட்டும்தான் சொல்ல வேண்டும், ஆறுதல் சொல்லவே கூடாது என்று முதல்வர் வாய்மொழி உத்தரவு. இன்னொன்று, குழுவில் பெற்றோர் சார்பில் ஓர் ஆள் இருக்கட்டும் என்று கோகிலவாணி எழுதிக் கொடுத்து, குப்பம்மாவைப் போட்டுவிட்டார்கள். இனிமேல் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவதென்றாலும் நான் பாறைக்குப் போன் போட்டு விவரம் சொல்ல வேண்டும். நேற்றுகூட, "சார், மழ வர்ற மாதிரி கீது, பசங்கள இன்னும் கிரவுண்டுலயா வெச்சிக்கினு கீற?" என்று அங்கிருந்து ஒரு அதட்டல். சொல்லக் கூடாது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

தென்மண்டலப் போட்டி தை மாதக் கடைசியில். அதற்கு முன்னால் அரியர் தேர்வு. தேறாவிட்டால் கையெழுத்து இல்லை என்று கோகிலவாணி சொல்லிவிட்டார். நானும் கேட்கப்போவதில்லை. மாலை வகுப்பு முடியும்வரை மோர் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். தேறிவிடுவாள். ஒரே சிக்கல், போட்டி நடக்கும் நாட்களில் கோகிலவாணிக்குத் தேர்வுப் பணி, வர முடியாது. குப்பம்மாவிடம் சொன்னேன். "உங்க வூட்டம்மா எங்க சார்?" என்றாள். நாக்பூரில் மகளுக்குத் துணையாக இருக்கிறாள் என்றேன். "அதான். ஆளில்லாத வூட்டு ஆம்பளைன்னாதான் இப்படியெல்லாம் பேச்சு வரும். அவங்க வந்து கூடப் போனா அனுப்பறேன்" என்று முடித்துவிட்டாள்.

இதற்காக நீ அடித்துப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்று நான் எழுதவில்லை. அருணாவுக்கு உடம்பு தேறட்டும். வேறு ஆசிரியை யாரையாவது கேட்டால் வருவார்கள், குப்பம்மாவையும் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம்.

பேத்திக்குப் பேர் வைத்த அன்று நான் வரவில்லை. மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நீ போனில் திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ திட்டவில்லை. அதற்குப் பிறகு எங்கே போனீங்க, எப்போ வந்தீங்க என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாய். சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்கிறாய். அன்றைக்கு அந்தக் கோயில் முன்னால் பெரியவர் கேட்ட கேள்வியைக் கேட்டதிலிருந்து எனக்கு அதுவே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெரியவனுக்கு என் முத்தம். சின்னவளுக்கு எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு வரட்டும், நல்ல கால்கள் வரட்டும், வேதியியலும் வரட்டும். அருணாவையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

டிக்கெட் எடுத்தால் எந்த வண்டி என்று மட்டும் சொல். காட்பாடி ஸ்டேஷனில் வண்டி வருவதற்கு முன்னாலேயே வந்து நிற்கிறேன். வீட்டுக்கு வந்ததும், மைதானத்திலிருந்து நான் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பினாலும், இத்தனை நேரம் எங்கே போனீங்க என்று கேள். சத்தமாகவே கேள், பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை.

என்றும் உன்,
ஜீவானந்தம்